காது கேளாத நாய் திரும்பிப் பார்த்தது

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் நிலைக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த என் அண்ணன், ஒரு வேலையாகத் தன்னோடு வரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

அண்ணன் ராஜபாளையத்து மில்களில் தொழில் பழகி, ஜாம்பியாவில் ஒரு நூற்பாலைக்கு ஸ்பின்னிங் மாஸ்டராகப் போனவர். அண்ணியும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். அந்த ஆலையின் முதலாளிக்கு வேட்டையில் பிரியம் அதிகம். வருடம்தோறும் எல்லை தாண்டி நமீபியாவுக்குப் போவார். அங்கே அனுமதி வாங்கி வேட்டையாடுவது சட்டப்படி சரி. முந்தைய வருடம் அண்ணனைப் பேச்சுத் துணைக்கு அழைத்துப் போயிருக்கிறார். காலடித்தடம் பார்த்து விலங்கைக் கண்டுபிடிக்கும் அண்ணனின் கண்ணைப் பார்த்து அசந்துபோய், "அடுத்த வருடம் நீயும் துப்பாக்கியோடு வா" என்று சொல்லிவிட்டார்.

துப்பாக்கியோடு எல்லை தாண்ட விண்ணப்பம் போட வேண்டும். குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா என்று அதில் கேட்கிறார்கள். சொந்த நாட்டுக் காவல்துறையின் சான்றும் வேண்டும். அண்ணனுக்கு அங்கேதான் சிக்கல். கல்யாணத்துக்கு முன், கான்சாபுரத்துக்கு மேற்கே காட்டில் மிளா மான் சுட்டு மாட்டியவர் அவர். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டி, சில வாரங்கள் சிறையிலும் இருந்தார். முதன்முதலில் வெளிநாடு போனபோது யாரும் இதைக் கேட்கவில்லை. முதலாளிக்கும் தெரியாது. பொய் சொல்லி அகப்பட்டால் வேலை போகும், குடும்பத்தோடு அந்த நாட்டை விட்டே கிளம்ப வேண்டியிருக்கும். உண்மையைச் சொன்னால் முதலாளி முகத்தில் எப்படி விழிப்பது என்ற கூச்சம்.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் இருந்த, பாஸ்போர்ட், விசா வேலை பார்க்கும் ஏஜெண்ட் இதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"அண்ணாச்சி, இப்ப குடியிருக்க அட்ரஸ்லதான் விசாரிப்பாக. அந்தக் காலத்துக் கேஸு எவனுக்குத் தெரியும்? இல்லைன்னு போட்டுட்டுப் போய்க்கிட்டே இருங்க."

ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணனுக்கு அன்று வாதாடிய வக்கீல் வேறு விதமாகச் சொன்னார். பழைய குற்றத்துக்குத் தண்டனை முடிந்துவிட்டது, மறைத்தால் அதுதான் புதுக் குற்றம் என்றார். தீர்ப்பு நகல் வாங்கி, விண்ணப்பத்தோடு வைத்து, நடந்ததைச் சொல்லிவிடும்படி யோசனையும் சொன்னார். அண்ணன் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, காரை வத்திராயிருப்பு ரோட்டில் விட்டார்.

"எங்கண்ணே போறோம்?"

"கான்சாபுரத்துக்கு. அவன் ஒருத்தன் வாயை அடைச்சிட்டா போதும்."

'அவன்' என்பது அன்று அவரோடு காட்டுக்குள் போன கூட்டாளி. அண்ணன் மாட்டியபோது தப்பிவிட்டவர், இப்போது அடிவாரத்தில் தோப்புக் குத்தகை எடுத்திருக்கிறார். போலீஸ் யாராவது விசாரிக்க வந்தால் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும் என்பது அண்ணனின் கணக்கு.

போகும் வழியில் அந்த நாளைப் பற்றி முதன்முறையாக விரிவாகச் சொன்னார். வேட்டைக்குப் போகிறவர்கள் மத்தியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. காட்டுக்குள் கால் வைத்துவிட்டால் யாருக்கும் பெயர் கிடையாது. எல்லோரும் 'மாப்ள'தான். பெயர் சொல்லி யாரும் கூப்பிடக் கூடாது. அப்படிக் குரல் கேட்டாலும் பதில் கொடுக்கக் கூடாது. அன்று விடிகிற நேரம், மிளாவை ஓடைக்கரையில் போட்டுவிட்டு இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கியிருக்கிறார்கள். அப்போது அண்ணனின் பெயரை யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பா பெயரையும் சேர்த்து, நிறுத்தி நிதானமாக, மூன்று முறை. கட்டுப்பாட்டை மறந்து, "இந்தா இருக்கேன்" என்று இவர் குரல் கொடுத்துவிட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வனத்துறை ஆட்கள் வந்து பிடித்தார்கள். கூப்பிட்டது அவர்கள் இல்லை. அவர்களுக்கு இவர் பெயரே அதற்குப் பிறகுதான் தெரியும்.

"பொறவு கோர்ட்ல டவாலி எம் பேரக் கூப்பிட்டாரு பாரு, அதே மாதிரி இருந்துச்சு" என்றார் அண்ணன்.

தோப்பை அடைந்தபோது மதியம் ஆகவில்லை. வழக்கமாக அடிக்கும் ஆடிக்காற்று அன்று நின்றுபோயிருந்தது. தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. மலை மிகப் பக்கத்தில் இருந்தது.

"வாலே ஆப்பிரிக்கா! சிங்கம் எதும் கொண்டாரலையா?" என்றார் கூட்டாளி.

"ஒன்னயப் பாத்தா சிங்கமே திரும்பி ஓடிரும்லே."

மோட்டார் ரூம் நிழலில் ஒரு ராஜபாளையம் நாய் படுத்திருந்தது. முழு வெள்ளை. புது ஆளைக் கண்டால் எகிறும் இனம் அது. எங்கள் கார் வந்து நின்றும் தலையைத் தூக்கவில்லை.

"அது செவிடு, தாயி" என்றார் அவர் என்னிடம். "வெள்ளையில முழு வெள்ளையா, கண்ணு நீலமாப் பொறந்தா செலதுக்குக் காது போயிரும். எவனும் வாங்க மாட்டேன்னான். நான் தூக்கிட்டு வந்தேன்."

காலி டின் ஒன்றை எடுத்து அதன் தலைக்குப் பின்னால் ஓங்கித் தட்டிக் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாய் தூங்கிக்கொண்டே இருந்தது.

இளநீர் சீவ உட்கார்ந்தார். அண்ணன் அவருக்கு எதிரே கயிற்றுக் கட்டிலில் இருந்தார்.

"அன்னைக்கு நீதானலே கூப்பிட்ட?"

"எத்தன வாட்டிலே கேப்ப? எம் பிள்ளைக மேல சத்தியமா நான் கூப்பிடல. ஓடைக்குள்ள மூச்சுக்கூட விடாம படுத்துக் கெடந்தேன்."

"சரி விடு. எவனாவது வந்து கேட்டா அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு சொல்லிரு. நானும் இல்லைன்னுதான் எழுதப் போறேன்."

அவர் சொல்லி முடிக்கும் முன் அந்தக் குரல் கேட்டது.

மேற்கே மலைப்பக்கமிருந்து வந்தது. ஆண் குரல். கத்தல் இல்லை, அவசரமும் இல்லை. அண்ணனின் பெயர், அதற்கு முன்னால் எங்கள் அப்பாவின் பெயர். நான் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். யார், எங்கிருந்து என்றுதான் முதலில் பார்ப்பேன். கூட்டாளியின் வாய் மூடியிருந்தது. அரிவாள் இளநீரில் பாதி இறங்கியபடி நின்றிருந்தது. அண்ணன் பேசிக்கொண்டே இருந்தார். முதலாளியின் ஜீப்பைப் பற்றி, அதில் முன் சீட்டில் உட்கார்ந்து எல்லை தாண்டுவதைப் பற்றி. அவர் காதில் எதுவும் விழவில்லை.

இரண்டாவது முறை கேட்டது. நான் மலைப்பக்கம் தலையைத் திருப்பப் போனேன்.

"திரும்பாத, தாயி" என்றார் கூட்டாளி, தலையை நிமிர்த்தாமல்.

நாய் எழுந்து நின்றது. முதுகு முடி சிலிர்த்திருந்தது. எங்கள் யாரையும் பார்க்கவில்லை. மலையைப் பார்த்தது.

மூன்றாவது முறையும் கேட்டு, ஓய்ந்தது. நாய் இன்னும் சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டுப் படுத்துக்கொண்டது.

"என்னலே, ரெண்டு பேரும் பேயடிச்ச மாதிரி இருக்கீக?" என்று அண்ணன் சிரித்தார்.

கூட்டாளி இளநீரை அவர் கையில் கொடுத்தார். "குடிச்சிட்டுக் கெளம்புங்கப்பா. நான் யார்கிட்டயும் பொய் சொல்ல மாட்டேன்லே, என்னய விட்ரு" என்றார்.

கார் தார் ரோட்டுக்கு வந்த பிறகுதான் நான் சொன்னேன். அண்ணன் சிரிக்கவில்லை.

"எந்தப் பேரு?"

"அப்பா பேரோட சேத்து."

"எத்தன தடவ?"

"மூணு."

அண்ணன் ராஜபாளையத்துக்குப் போகாமல், ஸ்ரீவில்லிபுத்தூரில் அதே வக்கீல் வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். பிறகு உள்ளே போய்த் தீர்ப்பு நகலுக்கு மனுப் போடச் சொன்னார்.

விண்ணப்பத்தில் 'ஆம்' என்று எழுதினார். முதலாளியிடமும் தானே சொன்னார். முதலாளி, ஆலையில் அவருடைய இடம் அப்படியேதான் இருக்கும், வேட்டையை மட்டும் மறந்துவிடு என்றாராம். துப்பாக்கி அனுமதி மறுக்கப்பட்டது. அந்த வருடம் எல்லை வரை கூடப் போய் அவர்களை வழியனுப்பிவிட்டு, அங்கிருந்தே எனக்குப் போன் செய்தார்.

"ஜீப்பு அந்தப் பக்கம் போயிருச்சு. நான் மட்டும் இங்க ஆத்தங்கரையில நிக்கேன்."

"வருத்தமா இருக்கா அண்ணே?"

"இருக்கத்தான் செய்யுது." பிறகு சொன்னார்: "போன வருசம் மொதலாளியோட தாண்டும்போது இந்த இடத்துலதான் அதே கொரல் கேட்டுச்சு. ஒங்கிட்ட சொல்லல. இப்ப ரொம்ப நேரமா நிக்கேன், யாரும் கூப்பிடல."

அந்தக் குரல் யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த தோப்பில் அதே பெயரில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தும் பார்த்தேன், இல்லை. எனக்கு மறைக்க ஒன்றுமில்லைதான். ஆனாலும் எந்த விண்ணப்பத்திலாவது 'இல்லை' என்று எழுதப் போகும்போதெல்லாம், என் பேனா ஒரு கணம் நின்று, மேற்கே காது கொடுத்த பிறகுதான் நகர்கிறது.