ஐயாயிரம் சவுக்கு

அமலராணிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. தலத்தெருவிலிருந்து ஸ்கூட்டரில் டைல்ஸ் கம்பெனிக்குப் போய்வரும் இந்த ஒன்பது வருஷத்தில், அவள் நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்து பார்த்தவர் யாருமில்லை. சுற்றுச்சூழல் பிரிவு என்று பெத்த பெயர். அந்தப் பிரிவே அவள் ஒருத்திதான். வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த மாதம் ஆகிவிடும் என்று மேலாளர் குணசேகரன் சொல்லியிருந்தார்.

கம்பெனியின் சூளை ஓயாமல் எரிகிறது. அந்தப் புகைக்கு ஈடாகக் கோட்டுச்சேரிமேட்டுக் கடற்கரையில் ஐயாயிரம் சவுக்கு நட்டதாகப் பலகை வைத்திருக்கிறார்கள். எத்தனை உயிரோடு இருக்கிறது என்று வருஷத்துக்கொரு முறை எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டியவள் அமலராணி. இரண்டு வருஷமாக அவள் கரைப்பக்கம் போகவே இல்லை. நட்ட எண்ணிக்கையை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டாள். சோம்பல் என்று சொன்னால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். ஆனால் சோம்பல்தான்.

போன மழைக்காலத்தில் கடல் ஊருக்குள் ஏறியது. அதைக் கேள்விப்பட்டு, இந்த வருஷம் நேரிலேயே போனாள். மீன் விற்கும் பவுனம்மாள், மணல் மூடிய தன் வாசலைக் காட்டினாள்.

"ஐயாயிரம்னு பலகையில போட்டிருக்கீங்களே, அதுல பாதி நின்னிருந்தாக்கூட கொஞ்சம் தாங்கியிருக்கும். நட்டு போட்டோ எடுத்ததோட சரி. தண்ணி ஊத்த ஒருத்தராச்சும் வந்தீங்களாம்மா?"

அமலராணி கரைக்குப் போய், வெயிலில் மூன்று தடவை நடந்து எண்ணினாள். நாற்பத்து மூன்று.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஜெபமாலையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து நடந்தாள். கடைசியில் படிவத்தில் நாற்பத்து மூன்று என்றே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். குணசேகரன் சிரித்தார். அதட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ஏம்மா, ரெண்டு வருஷமா ஐயாயிரமும் இருக்குன்னு கையெழுத்துப் போட்டது யாரு? இத மேல அனுப்புனா மாட்டப்போறது கம்பெனி இல்ல, நீங்கதான். மாத்திக் குடுங்க. உங்க நிரந்தர ஆர்டர் என் மேசையிலதான் கெடக்கு."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் அவளைக் குத்தியது. பேனா கேட்டாள். அவரே மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

'சென்ற இரண்டு ஆண்டுகளும் நேரில் போகாமலே ஐயாயிரம் என்று எழுதினேன். அது பொய்' என்று கீழே எழுதிக் கையெழுத்திட்டாள்.

"எம் பொய்ய நான் எழுதிட்டேங்க சார். அதுக்குக் கீழ எடம் இருக்கு. தண்ணி ஊத்த ஆள் வைக்காத கம்பெனி பங்க நீங்க எழுதுங்க."