மலர்க்கொடிக்கு நான் கணக்குச் சொல்லிக்கொடுத்தது

முந்திரிக்கொட்டை வறுக்கிற புகை தொண்டையில் காரமாக இறங்கும். மீன்சுருட்டிப் பக்கத்தில் நாங்கள் படித்த பள்ளியின் ஜன்னல் வழியாக அது வகுப்புக்குள் வரும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலர்க்கொடியின் சட்டையிலோ அந்த வாடை எந்நேரமும் இருக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் கணக்கு டீச்சர் நன்றாகப் படிக்கிறவர்களை ‘லீடர்’ ஆக்கி, ஆளுக்கு ஒருத்தியை ஒப்படைத்தார். எனக்கு மலர்க்கொடி. “இவ பாஸாவுறது ஒம் பொறுப்பு” என்றார். காலாண்டில் தேறாவிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிடுவதாக அவளுடைய அப்பா சொல்லியிருந்ததும் எனக்குத் தெரியும். ஆகவே தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, டீச்சரைப் போலவே விறுவிறுவென்று கணக்குகளைப் போட்டுக் காட்டி, ஒவ்வொன்றின் முடிவிலும் “புரிஞ்சுதா?” என்பேன். அவளும் “புரிஞ்சுது” என்பாள்.

காலாண்டில் அவள் வாங்கியது ஒன்பது மார்க். என் மானமே போய்விட்டதாக நினைத்து, எல்லார் முன்னாலும் அவளை ‘மரமண்டை’ என்று திட்டினேன். அவள் மறுநாளும் அதற்கு மறுநாளும் பள்ளிக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் டவுன் பஸ் ஏறி அவள் ஊருக்குப் போனேன். வாசலில் அம்மாவோடு உட்கார்ந்து முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்க வாய் வராமல், நானும் பக்கத்தில் உட்கார்ந்து கட்டையை எடுத்து ஒரு கொட்டையைத் தட்டினேன். பருப்பு நொறுங்கியது. அடுத்ததும் நொறுங்கியது. உடைந்த பருப்புக்கு விலை குறைவு என்று அவள் அம்மா முகம் சுளித்தாள். மலர்க்கொடியோ என் விரலில் கொட்டையைத் திருப்பி வைத்தாள், என் கையையே பார்த்தாள், நான் தட்டும்வரை காத்திருந்தாள். ஐந்தாவதோ ஆறாவதோ பருப்பு முழுசாக வந்தது. அவளைக் கணக்குப் போடவிட்டு நான் ஒருநாளும் அவள் கையைப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“ஒனக்கு எந்த எடத்துல வரலன்னு சொல்லுடி” என்று கேட்டேன்.

“வகுத்தலே தெரியாதுடி” என்றாள். “மூணாவது படிக்கறப்ப செங்கச்சூளைக்குப் போயிட்டோம். திரும்பி வந்தப்ப நடத்தி முடிச்சுட்டாங்க.”

ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னாள். அரையாண்டுவரை திருப்பூருக்கு அனுப்ப வேண்டாம் என்று அவள் அப்பாவிடம் நானே கேட்டேன். அவர் சரி என்றார். மறுநாளிலிருந்து மூன்றாம் வகுப்புக் கணக்கில் தொடங்கினோம். பேனா அவள் கையில்தான் இருக்கும். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் எனக்கு முதலில் கஷ்டமாக இருந்தது. அரையாண்டில் நாற்பத்தொன்று வாங்கினாள். திருப்பூர்ப் பேச்சு அதோடு நின்றது.

இன்று நான் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குத் துணையிருக்க மூத்த மாணவிகளைத் தயார்செய்வதும் என் வேலைதான். மலர்க்கொடி அரியலூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் இருக்கிறாள். போன மாதம் ஊருக்குப் போனபோது எங்கள் வகுப்பு இருந்த ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டு மாடிக் கட்டடம் எழுப்பியிருந்தார்கள். மனசு கேட்காமல் அவளுக்குப் போன் செய்தேன்.

“போவட்டும்டி, மழ பேஞ்சா நம்ம பெஞ்சுலதான் ஒழுவும்” என்று சிரித்தாள். பிறகு அவசரமாக, “வெக்கிறேன். புதுசா வந்த பொண்ணு இன்னிக்குத்தான் மொதமொதல்ல ரத்தம் எடுக்கப் போவுது. பக்கத்துல சும்மா நிக்கணும்” என்றாள்.