குமாரபாளையம் பஸ்ஸுக்கு நின்றவர்

நாற்பது கிலோ இளைத்த பிறகுதான் என் மகன் காலில் நரம்புகள் நீலமாகப் புடைத்துச் சுருண்டிருப்பது தெரிந்தது. அதுவரை கொழுப்பு மூடி வைத்திருந்தது. டாக்டரிடம் காட்டப் போகும் வழியில், சூரமங்கலம் பஸ் நிறுத்தத்தில், யாரோ தூக்கிப்போன தகரப் பெட்டியின் முனை உரசி ஒரு நரம்பு கிழிந்தது. ரத்தம் பீறிட்டது. அவனை உட்கார வைத்து, பாம்புக்கடிக்குக் கட்டுவதுபோல் முழங்காலுக்குக் கீழே என் துண்டை இறுக்கிக் கட்டினேன். ரத்தம் இன்னும் அதிகமாக வந்தது.

பக்கத்தில் ஒருவர் குதிகாலை உயர்த்தி உயர்த்தித் தாழ்த்தியபடி குமாரபாளையம் பஸ்ஸுக்காக நின்றிருந்தார். ஒல்லியான விசைத்தறிக்காரர், சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது. மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே, அந்த வெயிலிலும் முழங்கால்வரை இறுக்கமான காலுறை.

“ஏனுங்க, பாம்பா கடிச்சுது? மொதல்ல கட்ட அவுருங்க,” என்றார். மகனிடம், “படு சாமி, கால என்ற தோள்மேல வை,” என்று குந்தி, காயத்தின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

“நிக்குமாங்க?” என்றேன்.

“நிக்குமுங்க. தறியில நின்னு நின்னு எனக்கும் இதே மாதிரி நரம்பு ரெண்டு தடவ ஒடஞ்சுது. நீங்க பையன் மொகத்தப் பாருங்க.”

ரத்தம் நின்றது. ஆட்டோ வந்ததும் தன் விரலை எடுத்து என் விரலை அங்கே வைத்தார். “ஆசுபத்திரி போறவரைக்கும் எடுத்துப் பாக்கப்படாதுங்க.”

ஆட்டோ நகர்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் நடுங்கியது. அவருடைய பஸ் வந்து நின்றும் எழவில்லை. அவ்வளவு பயத்தையும் அதுவரை எங்கே வைத்திருந்தார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.