முட்டுகளைப் பிரிக்கச் சொன்னது நான்தான்

நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு மனிதனின் இடுப்பெலும்பு நொறுங்கியது. பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொரு பொய் சொல்லி, அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டேன்.

இதை என் கணவரிடம் சொன்னதில்லை. கோயிலில்கூட மனத்துக்குள் சொன்னதில்லை. சாமி முன்னால் நின்றால், பிள்ளைகளின் படிப்பு, கணவரின் சர்க்கரை நோய் என்று வேறு எதையாவது வேண்டிக்கொண்டு நழுவி வந்துவிடுவேன். உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். ஏன் உங்களிடம்? நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது... அதனால்தான்!

என் பெயர் ஈஸ்வரி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். கணவர் குணா போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். கல்யாணமான நாள் முதல் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில், நான்காம் மாடியில், வாடகைக்குக் குடியிருந்தோம். கிள்ளானில் மாமனார் விட்டுச்சென்ற நிலம் ஒன்று இருந்தது. அதன்மேல் கறையான் அரித்த பலகை வீடு. அதை இடித்துவிட்டுக் கல்வீடு கட்டுவது என்று முடிவெடுத்தபோது, எனக்கு நாற்பத்து நான்கு வயது.

கணவருக்கு மாறி மாறி வரும் ஷிப்ட். அதனால் வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்பது என் பொறுப்பானது. சனிக்கிழமைகளில் கிளினிக் ஒரு மணிக்கு மூடும். அப்படியே ரயிலேறி, கிள்ளானில் இறங்கி, வீடு எழும் இடத்துக்குப் போய்விடுவேன். பொறுப்பு என்றா சொன்னேன்? இல்லை... அது எனக்கு ஒரு போதை! அஸ்திவாரக் குழியைப் பார்த்தேன். தூண்களுக்குக் கம்பி கட்டியதைப் பார்த்தேன். செங்கல் வரிசைகளை ஒன்றுவிடாமல் எண்ணினேன். ஒவ்வொரு வாரமும் படமெடுத்துக் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

யாருக்காகப் போட்டேன்? எல்லாருக்கும் என்றுதான் அப்போது நினைத்தேன். உண்மையில் ஒரே ஒருத்திக்காக.

மாலதி. என் கணவரின் தங்கை. செலாயாங்கில் மொத்தக் காய்கறி வியாபாரம் செய்யும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய புதுமனைப் புகுவிழாவில் சமையலறையில் நான் பரிமாறிக்கொண்டிருந்தபோது, கூடியிருந்த பெண்களுக்கு முன்னால் சொன்னாள்: “வீடு கட்டுற டென்ஷன் அண்ணிக்கு எப்படி லா தெரியும்? வாடகை வீட்டுக்காரங்களுக்கு என்ன கவலை?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஆறு வருடம் என் தொண்டையில் முள்ளாக நின்றது. நான் போட்ட ஒவ்வொரு படத்தையும் அவள் பார்த்துவிட்டாளா என்று பார்ப்பதே என் வேலையாகிவிட்டது.

இனி செல்வத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

செல்வம் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த கொத்தனார். முப்பத்தெட்டு வயது இருக்கும். ஊரில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். எங்கள் வீட்டைக் கட்டித்தர ஒப்புக்கொண்டிருந்த குத்தகைக்காரர் துரையிடம் நான்கு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தார். நான் போகும்போதெல்லாம் கையிலிருக்கும் கரண்டியை வைத்துவிட்டு வந்து, அந்த வாரம் என்ன நடந்தது என்று விளக்குவார். “அக்கா, இந்தச் சுவத்துல காலைல வெயில் அடிக்கும். சாமி ரூமுக்கு நல்ல இடம்க்கா” என்பார். சொந்த வீட்டைக் காட்டுவதுபோலக் காட்டுவார்.

அந்த வாரம் திங்கட்கிழமை வாசலில் கார் நிறுத்தும் போர்ச்சுக்கு மேல்தளம் போட்டிருந்தார்கள். ஈரக் கான்கிரீட்டைத் தாங்கக் கீழே வரிசை வரிசையாக இரும்பு முட்டுகள். “மூணு வாரத்துக்கு அதுல யாரும் கைவைக்கக் கூடாது” என்று துரை எனக்கும் போனில் சொல்லியிருந்தார். எனக்குத் தெரியும்! தெரியாமல் செய்தேன் என்று நான் உங்களிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மாலதி குழுவில் எழுதினாள்: “ஞாயித்துக்கிழமை என் மாமியார், நாத்தனார் எல்லாம் கூட்டிக்கிட்டு வீட்டைப் பார்க்க வர்றோம் அண்ணி. வாசல் ரெடியா? இல்ல, இன்னும் காடு மாதிரிதான் இருக்கா?” பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்று.

மறுநாள் மதியம் நான் போனபோது செல்வம் மட்டுமே இருந்தார். மற்றவர்களை துரை டெங்கிலில் நடந்த இன்னொரு வேலைக்கு அழைத்துக்கொண்டு போயிருந்தார். வாசலுக்கு வெளியே நின்று பார்த்தேன். உண்மையிலேயே காடு! முட்டுகளின் காடு. உள்ளே இருந்த வீடே தெரியவில்லை. மாலதியின் மாமியார் மூக்கைச் சுளிப்பது என் கண்முன்னால் வந்தது.

“செல்வம், இந்த முட்டெல்லாம் பிரிச்சிடுங்க. நாளைக்கு ஆளுங்க வர்றாங்க.”

அவர் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்துவிட்டார். “இன்னும் ஒரு வாரம்கூட ஆகலையேக்கா. பாஸ் திட்டுவாரு.”

“பாஸ்கிட்ட நான் பேசிட்டேன். சரின்னுட்டார்.”

எவ்வளவு சுலபமாக வந்தது! நாக்கு ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

அவர் தயங்கினார். “நான் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்க்கா” என்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அந்த நொடி... அந்த ஒரு நொடி எனக்குக் கொடுக்கப்பட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? “இப்பதான் பேசினேன்னு சொல்றேன்ல? அவர் ஏதோ மீட்டிங்ல இருக்கார். என்மேல நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டேன்.

போனைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

சுத்தியலோடு அவர் உள்ளே போனதும் நான் வாசலில் நின்று வீடியோ எடுத்தேன். காடு மறைந்து வீடு தெரிவதைக் குழுவில் போட வேண்டுமாம்! “பாஸ்தான் சொல்லிட்டாரே, அந்தக் கடைசி வரிசையையும் எடுத்திடுங்க” என்று நான் சொன்னதும் அதில் பதிவானது.

முதலில் மணல் உதிர்வதுபோல ஒரு சத்தம். செல்வம் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். பிறகு தளத்தின் முன்பாதி அப்படியே மடிந்து இறங்கியது. தூசு அடங்கியபோது அவருடைய தோளும் தலையும்தான் வெளியே தெரிந்தன.

நான் அலறிக்கொண்டு ஓடினேன். அவர் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, மூச்சிரைக்கச் சொன்னார்: “கிட்ட வராதீங்கக்கா... மிச்சமும் விழும்.”

இந்த வார்த்தைகளை உங்களால் தாங்க முடிகிறதா? என்னால் முடியவில்லை.

பக்கத்து வீட்டு மலாய்க்காரர் ஓடிவந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் செல்வத்தை உள்ளே கொண்டுபோன பிறகு, நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் சேலையெங்கும் சிமெண்டுத் தூசு. கையில் போன். அந்த வீடியோவை ஒருமுறை போட்டுப் பார்த்தேன். என் குரல் தெளிவாகக் கேட்டது. அழித்தேன். அழித்தவை போய்ச்சேரும் இடத்துக்கும் போய், அங்கிருந்தும் அழித்தேன். உள்ளே ஒரு மனிதன் உயிருக்குப் போராடும்போது என் விரல்கள் எவ்வளவு நிதானமாக இருந்தன!

துரை வேர்த்துக்கொட்ட வந்தார். “சிஸ்டர், முட்டுல கைவைக்கச் சொன்னது யாரு? நான் சொல்லவே இல்லையே!”

“எனக்கும் புரியலண்ணே. நான் போறப்பவே அவர் பிரிச்சிக்கிட்டு இருந்தார்” என்றேன்.

இரண்டாவது பொய். முதல் பொய்யை ஆசையில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். இதை எதில் சேர்ப்பது?

அறுவைச் சிகிச்சை முடிந்து நினைவு வந்ததும் செல்வம் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். துரை என்னிடம் வந்து, “பாஸ் சொன்னதா அக்கா சொன்னாங்கன்றான் சிஸ்டர். மயக்கத்துல உளறுறான் போல” என்றார். நான் தலையை ஆட்டி, “பாவம்ணே... வலியில என்ன பேசறோம்னே தெரியாது” என்றேன். பாவம் என்றேன்! அந்த வார்த்தையை எப்படி என் வாய் உச்சரித்தது?

ஒரு வாரம் கழித்து ஆரஞ்சுப் பழங்களோடு அவரைப் பார்க்கப் போனேன். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்றுதான் போனேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன். இடுப்பிலிருந்து கீழே கட்டுகள். முகம் பாதியாக வற்றியிருந்தது. என்னைக் கண்டதும் எழ முயன்றார்.

“அக்கா, உங்கமேல எனக்குக் கோவம் இல்ல. பயத்துல மறந்துபோயிருக்கும். மனுசங்களுக்கு அப்படி ஆகும். நிதானமா யோசிச்சுப் பாருங்க... பாஸ்கிட்டப் பேசிட்டேன்னு சொன்னீங்கல்ல?”

பார்த்தீர்களா? நான் தப்பித்து வெளியே வருவதற்கு அவரே ஒரு கதவைத் திறந்து வைத்தார். ‘ஆமாம், மறந்துவிட்டேன், இப்போது ஞாபகம் வருகிறது’ என்று சொல்லியிருந்தால் போதும். என்னைப் பொய்க்காரி என்றுகூட யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

“நல்லா யோசிச்சேன் செல்வம். அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகமே இல்ல.”

“சரிக்கா” என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். பண்பானவர். நான் சொன்னதைத் தட்டச்சு செய்து, படித்துக் காட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். முதலாளியின் உத்தரவை மீறித் தானாகவே பிரித்தார் என்று செல்வத்தின்மேல் பழி விழுந்தது. சில வாரங்களில் சக்கர நாற்காலியில் அவரை விமானம் ஏற்றினார்கள். நான் வழியனுப்பப் போகவில்லை. அன்று தரை ஓடு தேர்ந்தெடுக்கக் கடைக்குப் போயிருந்தேன்.

வீடு முடிந்தது. ஆமாம், முடிந்துவிட்டது! புகுவிழாவுக்கு மாலதி வந்தாள். ஒவ்வோர் அறையாகப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் லா இருக்கு அண்ணி” என்றாள். இந்த ஒரு வரிக்காகவா? அதைக் கேட்டதும் எனக்குள் எந்த மகிழ்ச்சியும் எழவில்லை. ஹோமப் புகை என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் வாந்தியெடுத்தேன். விருந்தினர்களெல்லாம் போன பிறகு கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் எங்கே பார்த்தேன் ஈஸ்வரி? நீ ஒருத்தியா நின்னு கட்டின வீடு இது” என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அன்றாவது சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை.

நீங்கள் கேட்பீர்கள்: எதற்குப் பயந்தாய்? சிறைக்கா? நானும் அப்படித்தான் எனக்குச் சமாதானம் சொல்லிவந்தேன். ஆனால் தனியாக இருக்கும்போது மனம் வேறு ஒன்றைக் காட்டுகிறது. என்னைக் கைது செய்வதுபோல எனக்குக் கற்பனை வருவதே இல்லை. மாலதிக்குத் தெரிந்துவிட்டதுபோலத்தான் வருகிறது! ஒரு மனிதனின் நடையை நான் எதற்கு ஈடாக வைத்திருக்கிறேன் பாருங்கள்.

இரண்டு மாதங்களுக்கு முன் செல்வம் போன் செய்தார். என் எண்ணை எங்கோ எழுதி வைத்திருந்திருக்கிறார். ஊன்றுகோலோடு நடக்கிறாராம். சிங்கப்பூரில் உட்கார்ந்தபடி சாமான்களைக் கவனிக்கும் ஸ்டோர் வேலை ஒன்று இருக்கிறதாம். பழைய முதலாளியிடமிருந்து நன்னடத்தைக் கடிதம் வேண்டுமாம். சொன்னதைக் கேட்காதவனுக்குக் கடிதம் தர மாட்டேன் என்று துரை மறுத்துவிட்டாராம்.

“நீங்க சொன்னீங்கன்னு சொல்ல வேணாம்க்கா. அதெல்லாம் போகட்டும். செல்வம் மேல தப்பு இருக்காதுன்னு ஒரு வார்த்தை மட்டும் பாஸ்கிட்டச் சொல்லுங்க. பெரியவ பத்தாவது போயிட்டா...”

இன்னமும் அக்கா! அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

“பார்க்கிறேன் செல்வம்” என்றேன்.

துரையிடம் நான் பேசவில்லை. இருமுறை அவர் எண்ணை எடுத்தேன். என்ன சொல்வது? தப்பு இருக்காது என்றால், எப்படித் தெரியும் என்று கேட்பாரே! அதோடு போனை வைத்துவிட்டேன். செல்வம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அழைத்தார். நான் எடுக்கவில்லை. அந்த எண்ணைப் பெயர் போட்டுச் சேமிக்கவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு. காலைப் பசியாறிக்கொண்டிருந்தோம். மேசையில் கிடந்த என் போன் அடித்தது. கணவர் எட்டிப் பார்த்தார்.

“இந்தியா நம்பர் மாதிரி இருக்கே. யாரு?”

“தெரியல.”

“அடிக்கடி வருதா?”

“ஆமாங்க.”

“ஏமாத்துற கும்பலா இருக்கும். இப்பல்லாம் இதே தொல்லைதான் லா” என்று சொல்லி, கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். எனக்கு இதெல்லாம் சரியாகத் தெரியாது என்ற அன்போடு, அந்த எண்ணைத் தடைசெய்துவிட்டு என்னிடம் நீட்டினார். “இனிமே வராது, நிம்மதியா சாப்பிடு.”

நான் வாங்கிக்கொண்டேன். அவர் தட்டில் இன்னொரு தோசை வைத்தேன்.

அந்தத் தடையை எடுத்துவிட எவ்வளவு நேரமாகும்? தினமும் அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன். எண் இருக்கிறது. அதற்கு நேரே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இன்றோடு ஒன்பது நாள்.