பச்சை வட்டம்

ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தாமிரபரணிக் கரையில், ஆற்றுக்குள் இறங்கும் கல்படிகளும் பழைய மண்டபங்களும் உள்ள ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் இதில் வருகிற சாப்பாட்டுக் கடையை யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். என்னால் அவர்கள் பட்டதே போதும்.

நான் சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிறேன். பொங்கல் வரைக்கும் காலண்டர் சீசன் எங்களை நிமிர விடாது. அது முடிந்ததும் வருடாவருடம் குடும்பத்தோடு எங்காவது போவோம். போன இடத்திலும் நான் யாரிடமாவது ஃபோனில் கத்திக்கொண்டிருப்பேன். இந்த வருடம் என் மனைவி, "நீங்க மட்டும் எங்கனயாச்சும் போயிட்டு வாங்க. எங்களுக்கு அதுதான் லீவு" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே ஒரு பையில் நாலு துணியைத் திணித்துக்கொண்டு மறுநாள் காலை சாத்தூருக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து தெற்கே போய்விட்டேன்.

எங்கள் பக்கம் வைப்பாறு என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலான மாதங்களில் மணலும் கருவேலமுமாகக் கிடக்கும். அதனால் ஓடுகிற தண்ணீரைக் கண்டாலே எங்கள் ஊர்க்காரன் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிடுவான். நானும் நின்றேன். முதல் நாள் காலை படித்துறையில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மீன்கள் காலைக் கடித்தன. ஃபோன் கரையில் செருப்புக்குள் கிடந்தது. அது அடிக்கவும் இல்லை. நான் இல்லாமலும் மெஷின் ஓடுகிறது என்பது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

குளித்துவிட்டு ஊரைச் சுற்றினேன். கரையை ஒட்டிக் கல்லால் கட்டிய ஒரு பள்ளிவாசல் இருந்தது. தூண்களெல்லாம் கோயில் மண்டபத்துத் தூண்கள் போலவே இருந்தன. உருவங்கள் இருக்க வேண்டிய இடத்தில் பூவும் கொடியும் செதுக்கியிருந்தார்கள். அங்கிருந்து பாலத்தை நோக்கிப் போகும் தெருவில்தான் அந்தக் கடை. ஆறு மேசை. வாசல் பலகையில் ஹலால் என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. கூட்டிவைத்த தரையைப் பார்த்துத்தான் உள்ளே போனேன்.

கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. அவர் கல்லாவையும் பரிமாறுவதையும் பார்க்கிறார், அந்த அம்மாள் சமையல். நெய்ச்சோறும் தால்சாவும் ஆட்டுக்கறியும் வந்தன. வீட்டில் செவ்வாய், வெள்ளி, சனி கறி கிடையாது; அன்றைக்கு வெள்ளி. அந்த ருசியும் சேர்ந்துகொண்டது. மூன்றாவது முறை சோறு கேட்டபோது அந்த அம்மாளே அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எந்த ஊரு அண்ணாச்சி?"

"சிவகாசி. அங்கன பிரஸ் வச்சிருக்கேன்."

"கறி நல்லா இருக்கா? எங்க வீட்டு ஆளு விடிய முன்ன போய், அறுக்கும்போது பக்கத்துல நின்னு பாத்துத்தான் வாங்கியாருவாக. கடையில தொங்குறத வாங்கமாட்டாக. மசாலாவும் நாந்தான் அரைக்கேன்."

கணவர் சிரித்தார். "இவளுக்கு எல்லாத்துலயும் சந்தேகம். என்னையத் தவிர" என்றார்.

கடைசியில் ஒரு சின்னக் கிண்ணத்தில் சிவப்பு ஜெல்லி கொண்டுவந்து வைத்தார்கள். மேலே பால் ஊற்றியிருந்தது. குளிர்ந்து, வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போனது. இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அன்று மதியம் லாட்ஜில் படுத்து, இந்த ஊரில் ஒரு வாரம் இருந்தால் என்ன என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

மறுநாள் மதியமும் அங்கேயே போனேன். கூட்டம் இல்லை. கை கழுவுகிற இடம் அடுப்படிக்குப் பக்கத்தில். அங்கே நின்றபோது அலமாரியில் அந்த ஜெல்லிப் பொடிப் பாக்கெட் கண்ணில் பட்டது. எடுத்துப் பார்க்கத் தேவையே இல்லை. அது என் பாக்கெட்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு லேபிள் என்றால் அது நிரம்பியிருக்க வேண்டும். தாயில்பட்டிக்கும் எம். புதுப்பட்டிக்கும் போகிற பட்டாசுப் பெட்டிகளில் குழந்தை சிரிக்கும், விமானம் பறக்கும், மயில் ஆடும். உள்ளே இருப்பது வெடி. மேலே இருக்கிற படத்துக்கும் உள்ளே இருக்கிற சரக்குக்கும் என்ன சம்பந்தம் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. இடம் காலியாக இருந்தால் ஆர்டர் கொடுக்கிற பார்ட்டிக்குப் பிடிக்காது. ஒரு நட்சத்திரமோ பூவோ எதையாவது தூக்கிப் போடுவோம். அப்படியே பழகிய கண் எனக்கு.

ஆறு வருடங்களுக்கு முன்னால் ஒருத்தர் ஜெல்லிப் பொடிக்குப் பாக்கெட் அடிக்க வந்தார். சின்ன வியாபாரி. பொடியில் ஜெலட்டின் உண்டு, அதாவது மாட்டுத் தோலிலிருந்தோ பன்றித் தோலிலிருந்தோ எலும்பிலிருந்தோ எடுப்பது. எதிலிருந்து எடுத்தது என்று அவருக்கே தெரியாது. மூட்டையாக வாங்கிச் சின்னப் பாக்கெட்டில் அடைப்பவர். சட்டப்படி அசைவக் குறி போட்டாயிற்று. வலது மூலையில் இடம் காலியாகக் கிடந்தது. "அங்கன ஏதாச்சும் போடுங்க அண்ணாச்சி, மொட்டையா இருக்கு" என்றார். முந்தின வாரம்தான் வேறொரு கம்பெனியின் மசாலா உறை அடித்திருந்தோம். அவர்கள் முறைப்படி சான்றிதழ் வாங்கிப் போட்டிருந்த ஹலால் முத்திரை, பச்சை வட்டம், கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. அதை எடுத்து இதில் வை என்று டிசைன் பார்க்கிற பெண்ணிடம் சொன்னேன்.

"அண்ணாச்சி, இதுல அவுக சர்ட்டிபிகேட் நம்பர் இருக்கே" என்றாள் அவள்.

"நம்பரை எடுத்துரும்மா. வட்டம் மட்டும் இருக்கட்டும்."

தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாமல் போவது அந்த ஒரு வாக்கியத்தால்தான். நம்பர் இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்திருக்கிறது. எடுக்கச் சொல்லும் அளவுக்குப் புத்தி வேலை செய்திருக்கிறது. அதன் பிறகு வருடம் தவறாமல் அதே பாக்கெட்டை அடித்துக் கொடுத்தேன். தெற்கே சரக்கு நன்றாகப் போகிறது என்று அந்த வியாபாரி ஒரு தீபாவளிக்குப் பால்கோவா கொண்டுவந்து கொடுத்தார். அதையும் சாப்பிட்டேன். தெற்கே யார் வாங்குகிறார்கள், ஏன் வாங்குகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

நான் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டு நிற்பதை அந்த அம்மாள் கவனித்துவிட்டார்.

"அதுதான் நேத்து நீங்க சாப்பிட்டது. வெளியில ரெடிமேடா வாங்குற ஒரே சாமான் இதுதான் அண்ணாச்சி. முன்னெல்லாம் கடல்பாசி காய்ச்சுவேன். இப்ப அது கிடைக்கவும் மாட்டேங்குது, கிடைச்சாலும் மண்ணா இருக்கு. ரெண்டு வருசமா இதுதான். அசைவக் குறி இருக்கேன்னு முதல்ல தொடவே இல்ல. பிறகு முத்திரையப் பாத்துட்டு வாங்கினேன்."

அவர் பாக்கெட்டை எடுத்து, பெருவிரலை அந்தப் பச்சை வட்டத்தின் மேல் வைத்துக் காட்டினார்.

"நீங்க பிரஸ்காரவுக. உங்ககிட்டயே கேக்கேன். இந்த மாதிரி முத்திரையெல்லாம் பேப்பரப் பாத்துட்டுத்தான் அடிப்பீகளா, இல்ல யாரு கேட்டாலும் அடிச்சுக் குடுத்துருவீகளா?"

கேள்வியில் குத்தல் இல்லை. வெளியூர்க்காரன் ஒருவன் கிடைத்திருக்கிறான், விவரம் தெரிந்தவன், கேட்டு வைத்துக்கொள்வோம் என்கிற கேள்வி. நான் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்:

"பேப்பர் பாக்காம அடிக்கமாட்டோம்மா."

எவ்வளவு எளிதாக வந்தது. கடன்காரனுக்குச் சொல்லும் பொய்க்குக்கூட நான் கொஞ்சம் தடுமாறுவேன்.

"அப்பச் சரி" என்றார் அவர். முகம் தெளிந்துவிட்டது. "நோன்பு வருதுல்ல. பள்ளிவாசல்ல நோன்பு திறக்க வாறவுகளுக்கு முப்பது நாளும் எங்க வீட்டுல இருந்துதான் இது போகும். ரெண்டு பெட்டி சேத்துச் சொல்லணும்னு நினைச்சேன். மனசுல ஒரு ஓரமா உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நீங்க சொன்னது நல்லதாப் போச்சு."

அன்று பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிட்டேன். ஜெல்லி வைத்தார்கள், வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டேன். அந்த அம்மாள் சுக்கும் மிளகும் தட்டிப் போட்ட கஷாயம் கொடுத்தனுப்பினார். அதைக் குடிக்கவும் முடியாமல் கொட்டவும் மனமில்லாமல் லாட்ஜ் ஜன்னலில் வைத்திருந்தேன்.

சாயங்காலம் படித்துறையில் போய் உட்கார்ந்து எனக்கு நானே இரண்டு பக்கத்து வக்கீலாகவும் வாதாடினேன். அடித்தது நான் என்றாலும் கேட்டது அந்த வியாபாரி. அவன் கேட்டது படம்தான், முத்திரையைப் போட்டது நீ. ஜெலட்டின் மாட்டுடையதாக, முறைப்படி அறுத்ததாகவே இருந்தாலும் இருக்கலாமே. இருக்கலாம், உனக்குத் தெரியுமா? ஊருக்குப் போய் அந்த லேபிளை நிறுத்திவிட்டால் போதாதா. இந்த நோன்புக்கு அந்த அம்மாள் வாங்கப் போகும் இரண்டு பெட்டி ஏற்கெனவே மளிகைக் கடைக்கு வந்துவிட்டது. மறுநாள் காலையில் பஸ் ஏறிவிட்டால் அவர்களுக்கு ஒருபோதும் தெரியவராது என்பதும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. உண்மையில் பஸ் நேரத்தைக்கூடப் பார்த்து வைத்துக்கொண்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் இன்னொரு லேபிள் ஆகிவிடும்.

காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குத்தான் நடந்தேன். வழியில் எதிரே கடைக்காரர் சைக்கிளில் வந்தார். கேரியரில் வாழை இலை சுற்றிய கறி. இறங்கி நின்று, "வயிறு தேவலையா அண்ணாச்சி? நைட்டெல்லாம் அவ கேட்டுக்கிட்டே இருந்தா, பாவம் வெளியூர்ல வந்து என்ன பண்ணுதாரோன்னு" என்றார். நான் திரும்பி அவரோடு நடந்தேன்.

கடையில் இன்னும் அடுப்புப் பற்றவைக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். பாக்கெட் என் அச்சகத்தில் அடித்தது. சான்றிதழ் எதுவும் கிடையாது. முத்திரை வேறொருவருடையது. நம்பரை எடுக்கச் சொன்னது நான். நேற்று சொன்னது பொய். ஒவ்வொன்றாகச் சொல்ல, அந்த அம்மாள் வெங்காயம் உரித்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் ஆசைப்பட்டேன்.

அவர் எழுந்து குளிர்பெட்டியைத் திறந்து, அன்றைக்கென்று செய்து வைத்திருந்த ஜெல்லித் தட்டை எடுத்துப் பின்வாசலுக்குக் கொண்டுபோனார். தண்ணீர் ஊற்றும் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது முந்தானை நனைந்திருந்தது.

"ரெண்டு வருச நோன்பு" என்றார் கணவரைப் பார்த்து. "பகல் பூரா பச்சைத் தண்ணி குடிக்காம இருந்தவுகளுக்கு நான் இதையா குடுத்திருக்கேன்?"

"தெரியாமச் சாப்பிட்டா அது குத்தமாகாது" என்றார் அவர் மெதுவாக. "அல்லா அறிவான்."

"அது சரி. தெரிஞ்ச பிறகு சொல்லாம இருந்தா?"

அந்த அம்மாள் தன்னைப் பற்றித்தான் கேட்டார்.

"இனிமே அத நான் அடிக்கமாட்டேன்" என்றேன். அந்த நேரத்தில் அது எவ்வளவு சின்னதாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

"நீங்க அடிக்கலேன்னா உங்க ஊர்ல வேற ஆளா இல்ல" என்றார் அந்த அம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு கல்லாவிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துவந்து மேசையில் வைத்தார். "நாங்க போய்ச் சொல்லணும். வாங்கிச் சாப்பிட்டவுக எங்களத்தான் கேப்பாக. நாங்களா எதையோ மறைக்கச் சொல்லுதோம்னு நினைச்சிரக் கூடாது. நடந்தத உங்க கையால எழுதிக் குடுங்க."

உட்கார்ந்து எழுதினேன். என் பெயர், அச்சகத்தின் பெயர், ஊர். "மேற்படி பாக்கெட்டில் ஹலால் முத்திரை எங்கள் அச்சகத்தால் தவறுதலாக அச்சிடப்பட்டுவிட்டது" என்று எழுதி, வருந்துகிறேன் என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். எழுதி முடித்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. தாளை நீட்டினேன்.

அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். இரண்டாவது வரியில் விரல் நின்றது. பிறகு தாளை என் பக்கம் திருப்பி வைத்து, பேனாவையும் அதன் மேல் வைத்தார்.

"தவறுதலான்னு எழுதியிருக்கீக அண்ணாச்சி" என்றார். "நம்பர எடுக்கச் சொன்னேன்னு இப்பத்தானே சொன்னீக."

அந்தச் சொல்லை அடித்தேன். அதற்கு மேலே, இருந்த சின்ன இடத்தில், தெரிந்தே என்று எழுதினேன். அவர் இன்னொரு முறை வாசித்துவிட்டு, மதியத் தொழுகைக்குப் போகும்போது கொண்டுபோகச் சொல்லிக் கணவரிடம் கொடுத்தார். பிறகு வெங்காயத்தை உரிக்க உட்கார்ந்துவிட்டார். என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.