கடலிலிருந்து வந்த தடம்

என் கணவர் ஆசைப்பட்டு ஏடிவி வாங்கிவிட்டார். மணல், சேறு எதிலும் ஓடும் நான்கு சக்கர வண்டி. ஓட்டத்தான் இடமில்லை. குரும்பகரத்து வயலில் அறுவடை முடிந்து உளுந்து முளைத்திருந்தது. மீனவ ஊரான காரைக்கால்மேட்டு மணலெல்லாம் படகும் வலையும். கடைசியில் ஒரு விடியற்காலை, காரைக்கால்மேட்டைத் தாண்டி ஆளில்லாத கடற்கரைக்கு வண்டியைக் கொண்டுபோனோம்.

மணலில் அகலமாக ஒரு தடம் தெரிந்தது.

"நமக்கு முன்னாடியே எவனோ வந்து ஓட்டியிருக்கான் பாரு," என்றார் எரிச்சலோடு.

"தடம் தண்ணிக்குள்ளேருந்துல்ல வருதுங்க!" என்றேன்.

வண்டியை நிறுத்திவிட்டுத் தடத்தின் பின்னே நடந்தோம். அதன் முடிவில் ஒரு பெரிய கடலாமை, முட்டையிட்ட குழியை மூடிக்கொண்டிருந்தது. எங்களை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடம்பை இருபுறமும் தூக்கித் தூக்கிப் போட்டு மணலை இறுக்கியது. அது விட்ட மூச்சு மனித மூச்சைப் போலவே கேட்டது. நாங்கள் கரையெல்லாம் தேடிப் பிடித்த இடத்தை, அது கடலுக்குள்ளிருந்து தேடி வந்திருக்கிறது.

ஆமை அலைக்குள் மறையும்வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சாவியை என்னிடம் நீட்டினார்.

"ஸ்டார்ட் பண்ண வேணாம். தள்ளிக்கிட்டே போயிடலாம்."

தள்ளினோம். சாலைக்கு ஏறுவதற்குள் எனக்கும் அந்த ஆமையைப் போலவே மூச்சு வாங்கியது.