கோட்டுக்கு இடப்பக்கம் ஓர் எழுத்து

அக்கா கைப்பேசியில் அந்தக் குரல் செய்தியை மறுபடியும் ஓடவிட்டபோதுதான் எனக்கு KC-130 ஞாபகம் வந்தது. அந்த நேரத்தில் விமானமா என்று கேட்கலாம். எனக்கு எப்போதும் அதுதான்.

செய்தி அனுப்பியவர் உலு திராமிலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் போகும் ஓர் அம்மா. அக்கா வீட்டில் சமைத்து விற்கும் காலைச் சாப்பாட்டை தினமும் வாங்குவார். மகனுக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று இந்தப் புரட்டாசி முழுக்க அசைவம் தொடுவதில்லை என நேர்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை அவருடைய நாசி லெமாக்கில், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றில், நெத்திலி சம்பல் போய்விட்டது. ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் பார்த்திருக்கிறார். திட்டவில்லை. "பரவால்லம்மா, தெரியாம நடந்திருக்கும். ஆனா இனிமே வேணாம்." அவ்வளவுதான். திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள்.

நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது, மீன் ஆகும். தேவாலயத்துக்காரர்களின் பொட்டலத்துக்குப் பச்சை ரப்பர் பேண்டு போடுவது எங்கள் அம்மாவின் வழக்கம். புரட்டாசிப் பொட்டலத்துக்கும் அதே பச்சையைப் போட்டுவிட்டார். கறி இல்லை, அப்புறம் என்ன? எங்கள் வீட்டில் நெத்திலியை யாரும் கறி என்று எண்ணியதே இல்லை.

அமெரிக்க ராணுவ விமானப் பெயர்களை நடுவிலுள்ள சின்னக் கோட்டிலிருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டும். கோட்டை ஒட்டிய எழுத்து, அது எதற்காகப் பிறந்தது என்று சொல்லும்: சண்டைக்கு F, சுமைக்கு C, பயிற்சிக்கு T. பிறகு அதை வேறு வேலைக்கு மாற்றினால் பழைய எழுத்தை அழிப்பதில்லை, முன்னால் இன்னொன்றைச் சேர்ப்பார்கள். C-130 சுமை தூக்கும். அதையே பறக்கும் விமானங்களுக்கு எரிபொருள் ஊட்ட மாற்றினால் KC-130. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே தொப்பைதான், எங்கள் பொட்டலங்களைப் போல.

உடனே உட்கார்ந்து திட்டம் போட்டேன். நாசி லெமாக்குக்கு N, தோசைக்கு T, வெள்ளிக்கிழமைக்கு முன்னால் V, புரட்டாசிக்கு P, சம்பல் வகைக்கு எண், காரத்துக்குக் கடைசியில் ஓர் எழுத்து. PN-2B என்று எழுதி அம்மாவிடம் நீட்டினேன்.

இதைப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும் லா என்றார் அம்மா. அந்தச் செய்தி வந்த பிறகு அக்கா முதல்முறையாகச் சிரித்தாள். நான் விடவில்லை. பெரிய நாட்டுக்காரர்களே இப்படித்தான் எழுதுகிறார்கள் என்றேன். நேர்மையாக இன்னொன்றையும் சொல்லித் தொலைத்தேன்: சண்டை விமான வரிசை இருபத்து மூன்றுக்கு வந்த பிறகு, ஒரு சோதனை விமானத்தின் எண் ஒட்டிக்கொண்டதால் திடீரென்று F-35 என்று ஒன்று வந்துவிட்டது.

"அவனுங்களே வரிசையா எழுதல, நான் எழுதணுமாக்கும்?" என்றார் அம்மா.

எல்லாவற்றையும் வெட்டினேன். பச்சை பேண்டு இருக்கட்டும். புரட்டாசிப் பொட்டலத்தின்மேல் மட்டும் பெரிதாக ஒரு P. P என்றால் மீனில்லை, முட்டையில்லை. அக்கா மன்னிப்புக் கேட்டு, அதைப் படம் எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"எழுத்தெல்லாம் சரிம்மா. கரண்டி ஒண்ணுதானே?"

மூவரும் அடுப்பைப் பார்த்தோம். நெத்திலி சம்பல் கிண்டிய கரண்டி உருளைக்கிழங்குக் கறிக்குள் நின்றுகொண்டிருந்தது. அக்கா பொய் சொல்லவில்லை. ஆமாம்மா, ஒண்ணுதான் என்றாள். அவர் சிரித்த மாதிரிதான் இருந்தது. சாப்பாடு மட்டும் கேட்கவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. தொட்டியும் குழாயும் பொருத்திய பிறகுதான் ஒரு விமானத்துக்கு K கிடைக்கும். நான் எழுத்தை முதலில் ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

நேற்று ஜொகூர் பாருவில் புதுச் சட்டி, கரண்டி, வெட்டுப்பலகை வாங்கி வந்தேன். வரும் சனிக்கிழமை காய்ந்த நெத்திலிப் பையைப் பிரிப்பதற்கு முன்பே புரட்டாசிச் சமையலை முடித்துவிடுவதாகத் திட்டம். அந்த அம்மாவைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். அதனால் பஸ் நிற்கும் இடத்தில் என்ன மாற்றினோம் என்று மட்டும் சொல்லி, பொட்டலத்தை நீட்டப் போகிறேன். வாங்கவில்லையென்றால் நானே தின்றுவிட்டு, அடுத்த சனிக்கிழமையும் போய் நிற்பேன்.